நல்ல நாளுக்கு வைத்த மூடி

கீலுங் துறைமுகத்தில் டாக்சி ஓட்டினார் என் கணவர் தியென்பாவ். எங்கள் ஊரில் மழை ஓயாது, வெயில் அடித்தால்தான் செய்தி. அப்படிப்பட்ட ஊரில் பழைய வண்டி வைத்திருப்பவர் எதில் கஞ்சத்தனம் பண்ணினாலும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் பண்ணக் கூடாது. அது அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன புண்ணியம்?

எஞ்சினில் அந்த மூடிக்குள் ரோட்டார் என்ற துண்டு சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்து மின்சாரம் கொடுக்கும். கீழே இருக்கும் பாயிண்ட் என்ற தொடுமுனை திறந்து மூடித் திறந்து மூடியே தேயும், கருகும். அதைத் தேய்க்க என் நகம் ராவும் அரத்தைத்தான் எடுப்பார். மூடியில் விரிசல் விட்டு ஈரம் இறங்கினாலோ, மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் விரிசல் வழியே நழுவிவிடும். போன வழியெல்லாம் கரிக்கோடு விழும், பிறகு எப்போதும் அந்தக் கோட்டிலேயே ஓடும். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நடுரோட்டில் அவருக்குக் குடை பிடித்தே பாதி ஆயுள் போனவள் நான்.

என் தங்கை யூசினின் கல்யாணத்துக்கு மணமகள் வண்டி எங்களுடையது என்று வாக்குக் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு இந்தச் சம்பந்தமே பிடிக்கவில்லை. நல்ல நேரம் தவறினால் அதையே சாக்காக வைத்து வாழ்நாள் முழுக்கப் பேசுவாள். நானே கடைக்குப் போய்ப் புது மூடி வாங்கி அவர் கையில் கொடுத்தேன். பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

அன்றும் மழை. வழக்கப்படி பன்றி இறைச்சி கட்டிய பச்சை மூங்கில் வண்டிக் கூரையில் ஆட, எங்கள் வண்டி முதலில் போனது. யூசின் ஜன்னல் வழியே விசிறியை எறிந்தாள். அதற்குப் பிறகு பிறந்த வீட்டுப் பக்கம் திரும்பக் கூடாது. மேட்டில் ஏறும்போது வண்டி இருமி இருமி நின்றது. பின்னால் உருட்டவும் கூடாது, பெண் நடுவழியில் வண்டி மாறவும் கூடாது என்றாள் தரகு பேசிய அம்மாள்.

பின் வண்டியிலிருந்து குடையோடு ஓடினேன். அவர் பானெட்டைத் திறந்ததும் பார்த்தால், உள்ளே அதே விரிசல் விட்ட பழைய மூடி.

"புதுசு எங்கங்க?"

"அலமாரில இருக்கு. இந்த மழைல போயி அதை மாட்டுவாங்களா? நல்ல நாளைக்குன்னு வெச்சிருக்கேன்."

"இன்னிக்கு என்ன நாளுங்க?"

அவர், யூசினுக்குப் பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் கைக்குட்டையை வாங்கி மூடியைத் துடைத்தார், வண்டியிலேயே கிடந்த என் அரத்தால் கரிக்கோட்டைச் சுரண்டினார். பிறகு ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"யூசின், நகத்துக்குப் பூசுற சாயம் வெச்சிருக்கியாம்மா?"

"இருக்கு மாமா. நேரம் தப்பிச்சுன்னா மாமியார் என்னை வாசல்லயே வெச்சுக் கிழிக்கும்." அழுகையை அடக்கிக்கொண்டு குப்பியை நீட்டினாள்.

விரிசல் மேல் சிவப்புச் சாயம் பூசினார். காய வைக்க விசிறி கிடையாது, அதைத்தான் எறிந்தாயிற்றே. தரகு அம்மாள் உட்பட எல்லோரும் மூடியைச் சுற்றி நின்று ஊதினோம். வண்டி கிளம்பியது. மாப்பிள்ளை வீட்டு வாசலில் அவருடைய அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் தவறவில்லை, திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள், இப்போதாவது புதுசை மாட்டுவீர்களா என்று கேட்டேன்.

"இதுதான் ஓடுதே. புதுசு நம்ம பொண்ணு கல்யாணத்துக்கு இருக்கட்டும்."

எங்கள் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.