தாகத்துக்கு வெள்ளம்

மழைக்காலத்தில் சுக்கு நெடி ஈரச்சுவரில் ஒட்டிக்கொண்டு சோற்றில்கூட ஏறிவிடும். மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்குக்குப் பின்னால் இருந்த எங்கள் ஒற்றை அறை வீட்டில் அம்மா தும்மிக்கொண்டே கவிதை சொல்வாள். திருநெல்வேலியிலிருந்து அப்பாவோடு வந்து இறங்கிய அன்று, கிணற்று நீர் உப்புக் கரித்து வாய் வறண்டு நின்றவளிடம் அடுத்த வீட்டுச் சேச்சி ஒரு குடத்தை நீட்டி, "இந்நா, வெள்ளம்" என்றாளாம். இந்த ஊர் அவளிடம் பேசிய முதல் சொல் அது. பிறகு எங்கள் வீட்டில் "தண்ணி" கிடையாது, "வெள்ளம்"தான்.

அதைத்தான் எழுதினாள்: "தாகத்தோடு வந்தேன், வெள்ளம் தந்தாய்." பொங்கல் விழா மலரில் அது அச்சேற வேண்டும் என்பது ஒன்றே அவள் ஆசை. ஊர்த் தமிழர்கள் நடத்திய பொங்கல் கவியரங்கில் வாசித்தாள். தலைமை தாங்க வந்த சென்னைக் கவிஞர் மைக்கைப் பிடித்தார்.

"ஏம்மா, தாகத்துக்கு வெள்ளத்தையா அனுப்புவாங்க? ஊரே மூழ்கிடாது?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வீட்டுக்குப் போனதும் "இத்திரி வெள்ளம் குடு" என்று கேட்கிற அதே ஜனங்கள். இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

"எங்க வீட்டுல குடிக்கிறது வெள்ளந்தான் சாரே," என்றாள் அம்மா.

"அப்ப மலையாளத்துலயே எழுதிடுங்க."

தெருவில் மலையாளிகளுக்கு அவள் "பாண்டி", மேடையில் தமிழர்களுக்கு மலையாளி. புலம்பெயர்ந்தவனின் அடையாளத்தைக் கவிதைதான் காப்பாற்றும் என்று அந்த மனிதர் அதே மேடையில் முழங்கிவிட்டுப் போனார். யாருடைய அடையாளத்தை?

மலர் வந்தது. அம்மாவின் பெயர், அம்மாவின் கவிதை, "தண்ணீர் தந்தாய்." அவளை ஒருவரும் கேட்கவில்லை. பார்த்தாள், மூடினாள், அரிசி களையப் போனாள். அதன்பின் ஒரு வரி எழுதவில்லை.

அம்மா போய்விட்டாள். கிடங்கில் இன்று சுற்றுலாக்காரர்கள் காபி குடிக்கிறார்கள், சுக்கு நெடி இல்லை. இடப்பள்ளியில் வேலை பார்க்கும் என் மகளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. போன வாரம் இந்தக் கதையைச் சொன்னபோது அந்த வரியைப் போனில் மலையாள எழுத்தில் அடித்துக்கொண்டு, "இதுல எந்தா அப்பா தெற்று?" என்றாள்.

தப்பு ஒன்றுமில்லை. அம்மா எழுதியபடியே அந்த வரி இருக்கும் ஒரே இடம் இன்று அதுதான். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில்.