மூன்று கல்லுக்கு நடுவே

ஒகேனக்கல்லில் மீன் கழுவும் பெண்களில் ரோசம்மாளுக்குத்தான் வாய் நீளம். அவள் புருஷன் இன்னாசி பரிசல் ஓட்டுகிறான். மணல்திட்டில் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டால், சுற்றி மூன்று கல் வைத்துவிடுவது பரிசல்காரர்கள் வழக்கம். கல்லைப் பார்த்தால் அங்கே யாரும் பரிசலைக் காயக் கவிழ்த்து வைக்க மாட்டார்கள். இன்னாசி மறந்தாலும் ரோசம்மாள் மறக்க மாட்டாள். கல்லோடு அவளைக் கண்டால், "பிரசவம் பாக்க வந்துட்டா" என்று மற்றவர்கள் சீண்டுவார்கள்.

இந்தக் கோடையில் கல் இருந்தது, முட்டை இல்லை. கூட்டுக்குக் கூடு உடைந்த ஓடுதான். ஒரே ஒரு கூடு மிஞ்சியிருந்தது. பாறையடியில் கறுப்பும் வெள்ளையுமாக வரி போட்ட, கை நீளப் பிராணி ஒன்று நாக்கை நீட்டிக்கொண்டு கிடந்தது.

"உடும்பு. கை வச்சா கேஸு" என்றான் இன்னாசி. உடும்பு பிடித்து உள்ளே போய் வந்தவர்கள் ஊரில் உண்டு. அதனால் ஒருத்தரும் கிட்டே போகவில்லை. போதாததற்கு, சுற்றுலா வந்தவர்கள் படம் பிடிக்கட்டுமென்று இன்னாசியே அதற்கு மீன் குடலை வீசிப் பழக்கியிருந்தான்.

"எந்த ஊரு உடும்புக்கு வெள்ள வரி இருக்குது? கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு?" என்று ரோசம்மாள் கத்தினாள். அவன் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இன்னாசியின் பரிசலில் பெங்களூருக்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். திட்டில் கால் வைத்ததும், "ராக்கி! ராக்கி!" என்று கூவினார்.

அங்கே மீன் கழுவிக்கொண்டிருந்த ரோசம்மாள் நிமிர்ந்தாள். "உங்களுதுங்களா அது?"

"ஆமாம்மா, வெளிநாட்டுப் பல்லி. குட்டியா வாங்கினோம். பெருசாயிடுச்சு, அபார்ட்மெண்ட்ல வெக்க முடியல. ஃப்ரீயா இருக்கட்டும்னு இங்க வுட்டோம்." மனைவி பக்கம் திரும்பிச் சிரித்தார். "எப்படிக் கொழுத்திருக்குது, பாரு!"

"கொழுக்காம? எங்க குருவி முட்டை அத்தனையும் அது வயித்துலதான் இருக்குது. உங்க வூட்ல எடமில்லன்னா எங்க ஆத்துல கொட்டிட்டுப் போவீங்களா?"

"முட்டைதானேம்மா. மறுபடி வெக்கும்."

ரோசம்மாள் எழுந்து பல்லியின் பக்கம் போனாள். கூடையில் குடலை அள்ளிப் போட்டுச் சாய்த்து வைத்தாள். தீனிக்குப் பழகிய பல்லி உள்ளே நுழைந்ததும் சட்டென்று நிமிர்த்தி, சாக்கால் மூடி, கயிற்றால் இறுக்கினாள்.

"ஏய், கேஸாயிடும்டீ!" இன்னாசி அலறினான்.

"உடும்பில்லன்னு அவரே சொல்லிட்டாரே. பரிசலை எடுய்யா."

கரை வரைக்கும் அந்தக் கூடை பெங்களூருக்காரர் மடியில்தான் இருந்தது. குடல் தண்ணீர் அவர் பேண்ட்டில் வடிந்தது. கூடவே வந்த ரோசம்மாள் காருக்குள் தன் கையாலேயே கூடையை வைத்துக் கதவை அறைந்தாள். "வழியில எங்கியாவது எறக்கி வுட்டீங்க, வண்டி நம்பர் எங்கிட்ட இருக்குது."

அவள் திட்டுக்குத் திரும்பியபோது, கடைசிக் கூட்டுக் குருவி அவள் தலைக்கு மேலேயும் கத்திக்கொண்டு பாய்ந்தது.

"கத்து. நல்லாக் கத்து" என்றாள் ரோசம்மாள். "ஒருத்தனையும் கிட்ட வுடாத."