கையில் வாங்காத கத்தி

என் பெட்டியில் பதினொரு மடக்குக் கத்திகள் இருக்கின்றன. எல்லாம் அமெரிக்காவில் செய்தவை, பழையவை. மாட்டெலும்புப் பிடி, பிடியின் இரண்டு முனையிலும் வெள்ளை உலோகம், அலகைத் திறக்க நகம் வைக்கும் பள்ளம். அலகின் அடியில் யூ.எஸ்.ஏ. என்று அடித்திருக்கும். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு ஆங்கிலத்தில் தயங்காமல் வாசிக்க வருவது அந்த மூன்று எழுத்துதான்.

இவற்றைச் சேர்க்கிற மற்ற ஆட்களை எனக்குப் பிடிக்காது. பட்டுத்துணியில் வைத்துப் படம் எடுத்து போனில் போடுவார்கள். பழைய உருக்கு கறுத்திருக்கும் அழகைப் பற்றி எழுதுவார்கள். அது எதையாவது வெட்டினால்தான் கறுக்கும். அவர்கள் எதையும் வெட்டுவதில்லை. நான் அழகுக்காகச் சேர்க்கவில்லை. ஒரு கத்தியைத் தேடினேன், மற்றவை வழியில் வந்து சேர்ந்தன.

இலங்கை மலையகத்தில், டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் என் அப்பா தவறணையில் வேலை செய்தார். தேயிலை நாற்று வளர்க்கும் இடத்தை நாங்கள் தவறணை என்போம். கிளையிலிருந்து ஒரு இலைக்கு ஒரு துண்டு என்று சாய்வாக நறுக்கிக் கொடுப்பது அவர் வேலை. ஒருநாள் தேயிலை வாங்கும் அமெரிக்கக்காரர் ஒருவர் தோட்டம் பார்க்க வந்தார். அப்பாவின் மழுங்கிய கத்தியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தன் கால்சட்டைப் பையிலிருந்து மூன்று அலகுள்ள மடக்குக் கத்தியை எடுத்து நீட்டினார்.

அப்பா வாங்கவில்லை. எங்கள் ஆட்கள் கத்தியைக் கைக்குக் கை கொடுக்கவும் மாட்டார்கள், வாங்கவும் மாட்டார்கள். கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் பகை வரும் என்பார்கள். ஒருவர் கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்பா நாற்று நறுக்கும் மேசையைக் காட்டினார். அந்த மனிதர் ஒன்றும் விளங்காமல் சிரித்து, கத்தியை மேசையில் வைத்துவிட்டு வாகனத்தில் ஏறிப் போய்விட்டார்.

அப்பா மேசையிலிருந்து கத்தியை எடுத்ததைத்தான் கண்டாக்கு பார்த்தார். கண்டாக்கு என்றால் மலையில் ஆட்களை மேய்க்கும் உத்தியோகத்தர். அன்று ஒன்றும் கேட்கவில்லை.

அந்தக் கத்தி எங்கள் லயத்துக் காம்பராவில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றை அறையில், ஒரே ஒரு இரவு இருந்தது. அப்பா அசந்த நேரத்தில் நான் அதன் சின்ன அலகால் பால் டின்னைத் திறக்கப் பார்த்து நுனியை உடைத்துவிட்டேன். அப்பா அடித்தார். பிறகு டின்னையும் அவரே திறந்து கொடுத்தார்.

மறுநாள் காலையில் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆட்களைப் பிரித்து அனுப்பும் இடத்தில், எல்லாருக்கும் முன்னால் கண்டாக்கு கையை நீட்டினார்.

"எடுடா அதை."

"அவரு குடுத்ததுங்க ஐயா. கையில நீட்டுனாரு. நான்தான் மேசையில வைக்கச் சொன்னேன்."

"ஓ! வெள்ளைக்காரன் நீட்டுனானாம், தொரை வாங்க மாட்டேன்னுட்டாராம்!"

பெரட்டே சிரித்தது. அப்பா கத்தியைத் தரையில் வைத்தார். கண்டாக்கு குனிந்து எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அப்பாவுக்குத் தவறணை வேலை இல்லை, கான் வெட்டும் வேலை. மழைத் தண்ணீர் ஓடும் கான்களை மண்வெட்டியால் வெட்டிச் சுத்தம் செய்தே அவர் முதுகு போனது. எனக்குப் பள்ளிக்கூடத்தில் 'கத்திக் கள்ளன் மகன்' என்று பெயர். அப்படிக் கூப்பிட்ட ஒருவனின் பல்லை உடைத்துவிட்டு வெளியே வந்தவன் திரும்பப் போகவில்லை.

தம்புள்ளையில் மூட்டை தூக்கினேன். கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவினேன், லொறியில் கிளீனராகப் போனேன். எங்கும் இரண்டு வருடம் தாண்டியதில்லை. அப்பா செத்தபோது குவைத்தில் இருந்தேன். ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் சாகும்வரை அவர் சொன்னதை நான் முழுதாக நம்பவில்லை. எடுத்திருப்பார் என்றே ஒரு மூலையில் நினைத்திருந்தேன்.

குவைத்தில் அமெரிக்கர்கள் இருந்த முகாமொன்றில் துணி வெளுக்கும் வேலை. ஒரு கால்சட்டைப் பையில் எலும்புப் பிடி வைத்த மடக்குக் கத்தி கிடைத்தது. திறந்தேன். டக் என்ற அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குப் பால் டின் ஞாபகம் வந்தது. உரியவரைத் தேடிக் கொண்டுபோய் அவர் முன்னால் பலகையில் வைத்தேன். அவர் எடுத்துப் பார்த்து, நீயே வைத்துக்கொள் என்று நீட்டினார். என் கை போகவில்லை. பலகையைக் காட்டினேன். அவரும் சிரித்துக்கொண்டே வைத்தார். அப்பா செத்து நான்கு மாதம் கழித்து அப்பா சொன்னது எனக்கு விளங்கியது.

அதன் பிறகுதான் அப்பாவின் கத்தியைத் தேட ஆரம்பித்தேன். ஊருக்குத் திரும்பி, கண்டாக்கு அதை எப்போதோ விற்றிருப்பார் என்று எண்ணி, பழைய பங்களாச் சாமான் விற்கும் கடைகளில் ஏறி இறங்கினேன். ஹட்டனில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவர் என்னைக் கண்டாலே தொடங்கிவிடுவார்.

"வந்துட்டாரு கத்தி மாப்புள! வயசு அம்பது ஆகப் போகுது, பொண்ணு பாக்கிற வயசெல்லாம் கத்தி பாத்தே போச்சு."

"இருக்கா, இல்லையா நானா?"

"விக்கிறதுக்கு இல்ல. ஸ்பிரிங் இறுகிப்போச்சுன்னு நோர்வூட்ல இருந்து ஒரு பெரியவர் கொண்டு வந்தாரு. மூணு அலகு. எண்ணெய் போட்டுக் குடுத்தேன். தருவீங்களான்னு கேட்டேன், மனுசன் மொறைச்சாரு."

"சின்ன அலகு எப்படி இருந்திச்சு?"

"நுனி இல்ல. ஏன் தம்பி, மொகம் இப்படிப் போகுது?"

அன்றே நோர்வூட் பஸ்ஸில் ஏறினேன். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கண்டாக்கு அங்கே வீடு கட்டியிருந்தார். முன்வாசலில் கம்பளிக் குல்லாவோடு உட்கார்ந்து, சின்ன மேசையில் வைத்து மாத்திரையைப் பாதியாக வெட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கத்தியால்தான். என் அப்பாவின் முதுகை வாங்கிய கத்தி அவருக்கு மாத்திரை வெட்ட உதவியிருக்கிறது.

யார் மகன் என்று சொன்னேன்.

"அந்தக் கத்திக் கள்ளன் மவனா நீ? என்ன வேணும்?"

"நீங்க கையில வச்சிருக்கிறதுதான்."

"இது வெள்ளைக்காரன் எனக்குக் குடுத்ததுடா."

"அப்ப நுனி எப்படி ஒடைஞ்சிச்சு? சொல்லுங்க."

"வரும்போதே அப்பிடித்தான் வந்துச்சு."

"எங்க அப்பாகிட்ட வரும்போது நல்லா இருந்திச்சு. எங்க காம்பராவுல பால் டின்ல ஒடைச்சது நான். அடி வாங்குனதும் நான்."

அவர் கத்தியை மடக்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டார். "மேசையில இருந்து எடுத்தான். என் ரெண்டு கண்ணால பாத்தேன். குடுத்தா கையில வாங்கியிருக்கணும்ல?"

இதற்குப் பதில் சொல்லித்தான் அப்பா பெரட்டில் சிரிப்பு வாங்கினார். நான் என் பையிலிருந்து குவைத் கத்தியை எடுத்தேன். மடக்கியபடியே அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"இது அதைவிட நல்ல சாமான். நீங்களே வச்சிக்கிங்க. பிடிங்க."

"கீழ வை," என்றார்.

அவர் யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது, கையும் தானாக மேசையைக் காட்டியது. நான் நீட்டிய கையை எடுக்கவில்லை. அவர் என் கையைப் பார்த்தார், பிறகு மேசையைக் காட்டிக்கொண்டிருந்த தன் விரலைப் பார்த்தார். விரலை மெதுவாக மடக்கினார். அதன் பிறகுதான் என் கத்தியைப் பைக்குள் போட்டேன்.

"முப்பது நாப்பது வருசத்துக் கதை," என்றார். அப்பாவின் கத்தியை மேசையில் வைத்து என் பக்கம் தள்ளினார். "எடுத்துக்கிட்டுப் போ."

"எடுக்க மாட்டேன். எங்க அப்பா எடுத்துதான் கள்ளன் ஆனாரு. நீங்க குடுங்க. கையில குடுங்க."

"கையில குடுத்தா பகைடா."

"இப்ப நமக்குள்ள என்ன சம்பந்தமா நடக்குது?"

அவருக்குக் கோபம் வந்தது. கழுத்து நரம்பு தெரிந்தது. உள்ளே யாரையோ கூப்பிட வாயைத் திறந்து, கூப்பிடாமல் மூடினார். நான் கையை நீட்டியபடியே நின்றேன். கடைசியில் கத்தியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

நன்றி சொல்லவில்லை. அவரும் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். மேசையில் பாதி வெட்டிய மாத்திரை கிடந்தது. மீதியை எதால் வெட்டுவார் என்று பஸ்ஸில் ஒரு தடவை நினைத்தேன். நினைத்ததோடு சரி.

இந்தப் பன்னிரண்டாவது கத்தியை மற்ற பதினொன்றோடு வைக்கவில்லை. சட்டைப் பையில் கிடக்கிறது. பாண் ரொட்டி வெட்டுகிறேன், கயிறு அறுக்கிறேன். பால் டின் மட்டும் திறப்பதில்லை.