கணவன் வேண்டாம் என்றாள்

திரையில் ஒரு பெண் சொன்ன வாக்கியத்தை நான் திருடினேன். பிறகு அதே திரைக்கு முன்னால் மேடை ஏறி, பெண் விடுதலை பற்றிப் பேசிக் கைத்தட்டலும் வாங்கினேன்!

இதை முதல்முறையாக உங்களிடம்தான் சொல்கிறேன்.

லாஸ்பேட்டையில் எங்கள் கல்லூரித் திரைப்படக் குழு ஒரு பழைய பிரிட்டிஷ் படத்தைத் திரையிட்டது. போதைக் கனவு போன்ற மாயப் படம். மரமளவு காளான்கள், ஊதாக் கடல், சுவருக்குள் நீந்தும் மீன்கள்... அந்த வண்ணங்களுக்குள் ஒளிந்துகொண்டுதான் அந்த ஊர் சினிமா உடலின் ஆசையைக் கூச்சமின்றிப் பேசப் பழகியது என்று நம்பினேன்; அந்தப் படத்தின் மேல் எனக்கு ஒரே பித்து. திரையின் அடியில் ஓடும் வசன வரிகளைத் தமிழில் எழுதியதும் நானே.

கடைசியில் நாயகி காதலனிடம் சொல்வாள்: "எனக்கு நீ வேண்டும். கணவன் வேண்டாம்."

நான் எழுதியது: "உன்னை மணந்துகொள்ள விரும்புகிறேன்."

ஏன்? முன்வரிசையில் அம்மாவும் செல்வி அக்காவும் உட்காரப்போகிறார்களே! திரையில் அவ்வளவுதான் இடம் இருக்கிறது என்று எனக்கே ஒரு சாக்கும் சொல்லிக்கொண்டேன்.

அக்காவை அப்போதுதான் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். "கல்யாணமே வேணுமான்னு யோசிக்கறேன்" என்பாள். அம்மா அழுவாள்.

படம் முடிந்ததும் அம்மா ஆட்டோவில் போய்விட, அக்கா என் ஸ்கூட்டரில் ஏறினாள்.

"டேய், அவ பேசறப்ப 'ஹஸ்பண்ட்'னு காதுல வுழுந்துச்சு. கூடவே 'நோ'ன்னும் சொன்ன மாதிரி இருந்துச்சே?"

"அது மியூசிக்குக்கா. கட்டிக்கலாம்னுதான் சொல்றா."

"அவ்ளோ கூத்தடிச்சிட்டு வெள்ளக்காரியும் கடைசில அங்கதான் வந்து நிக்கறாளா!" சிரித்தாள். "அப்ப நான்லாம் எம்மாத்திரம்..."

மறுநாள் காலை அம்மாவிடம் சரி என்று சொல்லிவிட்டாள்.

என் ஒரு வரியாலா? இருக்காது என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் சந்தேகப்பட்டு ஒருமுறை கேட்டாளே! எழுதியபோது எனக்குப் பயம். ஸ்கூட்டரில் பொய் சொன்னபோது என்ன பயம்? என் மானம் மட்டுந்தானே...

அக்காவைக் கட்டிய மாமா நல்லவர். அதனால் என் குற்றம் குறைந்துவிடுமா? அவர் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ, என் பொய் குறுக்கே வராமல், அவளே சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது அக்கா தவளக்குப்பத்தில் இருக்கிறாள். போகும்போதெல்லாம் கேட்கிறாள்.

"அந்தக் கலர் கலர் படத்தக் கொண்டாயேன்டா. துணி மடிக்கறப்ப, என்னமோ அவ மூஞ்சி ஞாபகம் வருது."

"தேடறேன்கா."

வரியை எப்போதோ திருத்திவிட்டேன். அந்தப் படம் உள்ள பென் டிரைவ் என் சட்டைப் பையில்தான் கிடக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை, அவள் சோறு போட்டுக்கொண்டே கேட்டபோதும் அங்கேதான் இருந்தது.