கடுக்காய் குடித்த கார்

எங்கள் கார் மூன்று வருடமாக ஓடவில்லை என்பது பேரணாம்பட்டில் எல்லாருக்கும் தெரியும். அணைக்கட்டில் இருந்த அக்காவின் மாமியாருக்கும் அது தெரிந்திருந்தது என்பதுதான் எனக்குத் தெரியாது. அதனால், "மாசமா இருக்கிற பொண்ண பஸ்ல அனுப்ப மாட்டோம். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள்ள கார் கொண்டாந்தா கூட்டிக்கினு போங்க. எட்டாம் மாசம் பொறந்துட்டா அனுப்பற வழக்கம் எங்களுக்கு இல்ல, பிரசவம் இங்கியே ஆவட்டும்" என்று அவர் ஆள்விட்டுச் சொன்னபோது, அக்கா மேல் எவ்வளவு அக்கறை என்று எனக்கு ஒரே சந்தோஷம். எனக்கு எட்டு வயது.

அம்மா அதைக் கேட்டு உட்காரவில்லை. அன்று புதன்கிழமை. அடுப்பில் சோறு பொங்கி வழிய, அவள் கொட்டகைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

அந்தக் காரை அப்பா ஒரு காலத்தில் வாடகைக்கு ஓட்டினார். தோல் மண்டி முதலாளிகள் அதில் ஏறித்தான் ஊர் ஊராகப் போவார்கள். அவர்கள் சொந்தமாகக் கார் வாங்கியதும் இந்தக் கார் கொட்டகைக்குள் போயிற்று, அப்பா தோல் பதனிடும் ஷாப்புக்குள் வேலைக்குப் போனார். பின் சீட்டில் எங்கள் கோழி அடைகாத்தது. பதினோரு குஞ்சு. அதில் ஒன்று நொண்டி. அதன் கதை தனிக்கதை, அது கிடக்கட்டும்.

வியாழக்கிழமை காலையிலேயே மெக்கானிக் பாய் வந்துவிட்டார். பேட்டரியை யாரிடமோ இரவல் வாங்கிப் போட்டார். இன்ஜின் இருமி இருமிக் கிளம்பியது. அதற்குள் ரேடியேட்டர் மூடியிலிருந்து புகை. பாய் வண்டியை நிறுத்திவிட்டு, ஆறும்வரை ஒரு பீடி குடித்தார். பிறகு அடியில் படுத்துக் கீழ்த் திருகைத் திறந்தார். செம்மண் கரைத்தது போல ஒரு தண்ணீர் கொட்டியது.

"மூணு வருசத் துரு. உள்ள பூரா அடைச்சிக்கினு கீது. தண்ணி ஊத்தி ஊத்தி, ஓட்டி ஓட்டி, தொறந்து உடணும். தெளிவா வர்ற வரைக்கும்."

"கெணத்துல எறைச்சித் தரட்டா பாய்?" என்றாள் அம்மா.

"கெணத்துத் தண்ணியா? அத ஊத்தினா நாளைக்கு உப்பு அடைச்சிக்கும். நடுவழியில நிப்பீங்க. குடிக்கிற தண்ணிதான் வேணும்."

எங்கள் ஊரில் இதைச் சொல்வது லேசு. கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. தோல் ஷாப்புகளின் உப்பெல்லாம் அதில்தான் இருந்தது. தெருக்குழாயில் நல்ல தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு தடவை, அதுவும் கொஞ்ச நேரம். விருந்தாளிக்குச் சாப்பாடு போடுவார்கள், தண்ணீர் மட்டும் அரை டம்ளர்தான். அம்மா அன்றைக்கு வீட்டிலிருந்த ஏழு குடத்தையும் வரிசையாகக் கொண்டுவந்து வைத்தாள். ஒவ்வொன்றாகக் கார் குடித்தது, சூடாகியது, துப்பியது. சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. ஏழும் தீர்ந்தபோது தண்ணீர் டீ நிறத்துக்கு வந்திருந்தது.

"இன்னும் ஒரு கொடம் இருந்தா முடிஞ்சிடும்" என்றார் பாய்.

அம்மா என்னிடம் குடத்தைக் கொடுத்து மூன்றாவது தெருக் குழாய்க்கு ஓடச் சொன்னாள். ஓடினேன். குழாயைத் திருகினால் வெறும் காற்று. வெறுங்கையோடு திரும்ப எனக்குப் பயம். வழியில் ஷாப்பின் பின்பக்கம் ஒரு சிமென்ட் தொட்டி. தோலைப் பதப்படுத்தக் கடுக்காய் ஊறவைக்கும் தொட்டி. எட்டிப் பார்த்தேன். கார் கடைசியாகத் துப்பியதே, அதே டீ நிறம். இந்தத் தண்ணீர் காருக்குப் பழக்கப்பட்டதுதான் என்று முடிவு கட்டி ஒரு குடம் மொண்டுகொண்டேன்.

பாய் அடியில் படுத்திருந்தார். அப்பா அவசரத்தில் பார்க்காமல் ஊற்றினார். இன்ஜின் ஓடியது, நன்றாகச் சூடேறியது. திருகைத் திறந்ததும் கொட்டியது தண்ணீரில்லை, மை. பள்ளிக்கூட மை போலக் கன்னங்கரேலென்று.

அப்பா அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். பாய் விரலில் தொட்டு மோந்து பார்த்தார்.

"கடுக்கா" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வைக்கோல் போருக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொண்டேன். அதனால் அதற்கப்புறம் அவர் சொன்னது என் காதில் விழவில்லை. பல வருடம் கழித்து அவரே சொன்னார்: "துருவும் கடுக்காயும் சேந்தா கறுப்பாவும், அவ்ளோதான். வண்டிக்கு ஒண்ணும் இல்ல. நாலு கொடம் ஊத்திக் கழுவினா போதும்."

நாலு குடத்துக்கு எங்கே போவது? கடன் என்று யாரிடமும் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்காத அம்மா, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். முதல் இரண்டு வீட்டில் ஒவ்வொரு குடம் ஊற்றினார்கள். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. எதிர்வீட்டு அத்தைக்கும் அம்மாவுக்கும் குழாயடிச் சண்டையில் ஒரு வருடமாகப் பேச்சில்லை. அந்த அத்தை தானாகவே இரண்டு குடம் தூக்கிவந்து காருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மொதல்ல பொண்ண கூட்டிக்கினு வா. அப்புறமா சண்ட போட்டுக்கலாம்."

மறுநாள் ஒன்பதரைக்கே கார் அணைக்கட்டில் போய் நின்றது. அக்காவின் மாமியார் வாசலில் நின்று காரையே பார்த்தாராம். திரும்பும்போது பள்ளிகொண்டாவில் ரேடியேட்டர் ஆறட்டும் என்று அப்பா ஓரங்கட்டப் போக, "நிக்காதப்பா, போய்க்கினே இரு" என்று அக்கா சொன்னாளாம். வீட்டில் இறங்கியவளைப் பார்க்கத் தெருவே கூடியது. ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வெயிலில் ஏன் முழங்கை வரைக்கும் முந்தானையைச் சுற்றிக்கொண்டிருக்கிறாள் என்று நான் மட்டும் கேட்டு, அம்மாவிடம் ஒரு குட்டு வாங்கினேன். ராத்திரி அந்தக் கைக்கு அம்மா மஞ்சள் பத்துப் போட்டாள்.

குழந்தைக்கு ஐந்து மாதம் ஆனதும் மாமியாரின் தம்பி வந்தார், அழைத்துப் போக.

"அனுப்பாம இருப்பமா? பச்சப் புள்ளய பஸ்ல வேணாம்னு ஒங்க வீட்லயே சொல்வாங்க. கார்லதான் கொண்டாந்து உடணும். அதான் ஓடல, பேஜாராப் போச்சி" என்றார் அப்பா.

"அன்னிக்கு ஓடிச்சே?" என்று அவர் புருவத்தைத் தூக்கினார்.

காலையில் காருக்கு அடியில் ஈரத்தை நான் பார்த்திருந்தேன். அப்பாவே திருகைத் திறந்து விட்டது எனக்கு எப்படித் தெரியும்? என் பாவம்தான் ஒழுகுகிறது என்று நினைத்தேன். என்னால் அக்கா புருஷன் வீட்டுக்குப் போகமுடியாமல் ஆயிற்றே! அவர் காலில் விழாத குறையாக அழுதேன்.

"மாமா, நான்தான் கடுக்கா தண்ணிய ஊத்திட்டேன். மை மாரி வந்திச்சி. நான்தான் கெடுத்துட்டேன்."

அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். கொட்டகைக்குப் போய் ஈரத்தையும் பார்த்தார். "கடுக்காயா? இரும்பத் தின்னுடுமே அது" என்று தலையில் அடித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அவர் தெருமுனை திரும்பியதும் அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். வந்த நாளாக அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அப்பாவும் சிரித்தார். குற்றத்தை ஒப்புக்கொண்டு அழுகிறவளைப் பார்த்துச் சிரிக்கிறார்களே என்று எனக்கு ஆத்திரம்.

"சிரிக்காதக்கா. நான் பெரியவளாயி, பாய்கிட்ட வேல கத்துக்கினு, காரை நானே சரி பண்ணி ஒன்ன அணைக்கட்டுல கொண்டு போயி உடறேன்" என்றேன்.

அக்காவின் சிரிப்பு நின்றுபோயிற்று. அம்மாதான் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"சரிடி. ஒண்ணும் அவசரமில்ல. மெதுவா கத்துக்கோ."