ஒரு பக்கம் வெளுத்த பிஸ்கட்

என் வீட்டுக்காரர் பிஸ்கட் தொழிற்சாலையில் அடுப்பு பார்ப்பவர். அறுபதடி நீள அடுப்பு. ஒரு முனையில் மாவு வட்டம் வட்டமாக உள்ளே போகும், மறுமுனையில் பிஸ்கட்டாக வெளியே வரும். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. 'அடுப்பண்ணன்' என்று கேட்டால்தான் அங்கே ஆளைக் காட்டுவார்கள். இவர் ஷிப்டில் வீணாவது ஒரு கூடைகூடத் தேறாது. மற்றவர்கள் கூடை கூடையாகக் கொட்டுவார்கள்.

நிர்வாகம் சும்மா இருக்குமா? தெரிந்ததை எழுதுங்கள் என்று தடியாக ஒரு பதிவேடு வைத்தது. இவர் தினமும் 'எல்லாம் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தெரிந்ததை வாய்விட்டுச் சொல்ல வைக்க, வெளியாள் ஒருவரை வரவழைத்து இரண்டு நாள் வகுப்பு நடத்தியது. இவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தார். அப்படியொரு அழுத்தக்காரர்!

அதனால் போன் வீட்டுக்கு வரும். சரியாக நாங்கள் சாப்பிட உட்காரும்போது வரும். பேசுகிறவர் இரண்டாம் ஷிப்ட்காரர். இவரோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர், ஆனாலும் 'அண்ணே' என்பார்.

"அண்ணே, பிஸ்கட் நமுத்துப் போகுது."

"மழை பெய்யுதில்ல? பெல்ட் வேகத்தை ரெண்டு புள்ளி குறை."

நான் என்ன செவிடா? பதினெட்டு வருடமாகக் காதில் விழுகிறது. மளிகைச் சாமான் எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் குறித்து வைத்தேன். அடி கருகினால் இது, நடுவில் வெடித்தால் அது. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் மருந்து சிக்கவில்லை. பிஸ்கட் ஒரு பக்கம் மட்டும் வெளுத்தால் மனிதர் எதுவும் சொல்ல மாட்டார். "தொடாதே, நானே வர்றேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவார்.

அப்படி ஓடியதில்தான் என் முட்டி அறுவை சிகிச்சை இரண்டு முறை தள்ளிப்போனது. ஆஸ்பத்திரி வரை கூட வந்தவர், போன் வந்ததும் கிளம்பிவிட்டார். கையெழுத்துப் போட ஆள் இல்லை என்று என்னைத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு வருடமாக மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குகிறேன். மூன்றாவது தேதி கொடுத்த டாக்டர், "இதையும் விட்டா முட்டி தாங்காதும்மா" என்று சொல்லிவிட்டார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. இரண்டாம் ஷிப்ட்காரரை வீட்டுக்கு வரவழைத்து நோட்டைக் கையில் கொடுத்தேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "அண்ணி, இதுக்காகவா அண்ணனை இத்தனை வருஷம் கெஞ்சினேன்?" என்றார். இவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும், வீடாவது அமைதியாக இருந்தது.

மூன்றாவது முறை கையெழுத்தெல்லாம் போட்டாயிற்று. என்னைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்து, அறுவை அறை வாசலில் நிறுத்தியிருந்தார்கள். இவர் சட்டைப்பையில் போன் அடித்தது.

"அண்ணே, மன்னிச்சுக்குங்க. வலப்பக்கம் வெளுக்குது. நோட்டுல 'நானே வர்றேன்'னுதான் இருக்கு."

இவர் என்னைப் பார்த்தார். போவதானால் போகட்டும், இங்கிருந்து இவர் வீட்டுக்கு நான் திரும்ப மாட்டேன் என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன்.

இவர் போனை வாயருகே கொண்டுபோனார். "அடுப்புல ஒண்ணுமில்ல. லாரி வந்தா கிடங்குக் கதவைத் திறந்து போட்டுடறாங்க, அந்தப் பக்கம் காத்து அடிக்குது. போய்ச் சாத்து."

"அவ்வளவுதானா அண்ணே?"

"அவ்வளவுதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கதவைச் சாத்தறதுக்கா ரெண்டு தடவை என்னை விட்டுட்டுப் போனீங்க?"

இவர் தலை குனிந்துகொண்டார். "அதையும் சொல்லிட்டா அப்புறம் என்னை யாரு கூப்பிடுவாங்க?"

திட்டத்தான் நினைத்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை. வண்டியை உள்ளே தள்ள நர்ஸ் வந்துவிட்டார்.

"நான் கூப்பிடுவேன்" என்றேன். "கண்ணு முழிச்சதும் கூப்பிடுவேன். இங்கேயே இருங்க."

கண் விழித்தபோது முட்டி கட்டுக்குள் இருந்தது. நான் கூப்பிடுவதற்குள், "என்ன வேணும்?" என்று கட்டிலருகே இவர் குரல் கேட்டது.