முப்பத்தாறு ரத்தப் பொட்டுகள்

வயிற்றில் இருக்கும் கட்டியை எடுக்கக் காதில் ஏன் குத்த வேண்டும்?

போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி லேபில் இதைக் கேட்டேன். லேப்காரர் ஊசியை எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் முறையும் கேட்டேன்.

"குத்தின எடத்துல ரத்தம் எத்தினி நிமிஷத்துல நிக்குதுன்னு பாக்கணும் முசியே. சீக்கிரம் நின்னாதான் டாக்டர் கத்தி வெப்பாரு" என்றார் லேப்காரர். எங்கள் ஊரில் 'ஐயா'வுக்கு இன்னும் பிரெஞ்சு 'முசியே'தான்.

வியாழக்கிழமை ஆபரேஷன். என் மனைவி ஐந்து மாதமாக வலியில் சுருண்டு கிடந்தாள். இன்னும் எத்தனை பரீட்சை?

கம்மலைக் கழற்ற மாட்டேன் என்று நாலு நிமிடம் வாதாடினாள். கம்மலுக்குக் கீழேயே குத்தினார்.

லேபில் அவர் ஒருவர். காத்திருந்தவர்கள் பதினொரு பேர். பிளாட்டிங் பேப்பரை என்னிடம் நீட்டினார்.

"உங்ககிட்டதான் கடியாரம் இருக்கே. அரை நிமிஷத்துக்கு ஒரு தடவ ஒத்தி எடுங்க. நின்னதும் கூப்புடுங்க."

பிளாட்டிங் பேப்பரைப் பற்றி எனக்கா சொல்ல வேண்டும்? பத்திர ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் குமாஸ்தா! ஈரக் கையெழுத்தின் மேல் வைப்பது போலவே வைத்தேன், அழுத்தினேன், ரத்தம் மிச்சம் இருக்கக் கூடாதென்று ஓர் இழுப்பும் இழுத்தேன். ஐந்து பொட்டு... பத்து... இருபது... ரத்தம் நிற்கவில்லை.

"இன்னாங்க, எரியுது."

"பேசாதே. கணக்குத் தப்பும்."

"காத அறுத்துடாதீங்க. வயித்துக்குத்தான் வந்தோம்."

பதினெட்டு நிமிடம். முப்பத்தாறு பொட்டு. லேப்காரர் கூப்பிட்டு வந்த டாக்டரின் முகம் சுருங்கியது. "ரத்தம் நிக்கல. இப்போதைக்கு ஆபரேஷன் கெடையாது."

அவள் அழவில்லை. நான்தான் பொட்டுகளை மறுபடி எண்ணினேன்.

டாக்டர் பேப்பரை வெளிச்சத்தில் பிடித்தார். "பொட்டுக்கெல்லாம் ஏன் வால் மொளச்சிருக்கு? யாரு தொடச்சது?"

லேப்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"காயத்தத் தொடவே கூடாதுங்க. சொட்ட மட்டும் எடுக்கணும். உறையற ரத்தத்த முப்பத்தாறு வாட்டி வழிச்சு எடுத்தா எப்படி நிக்கும்?" என்றார் டாக்டர்.

இதை ஒருமுறை செய்து காட்டினால் என்ன குறைந்துவிடும்? நம் ஊரில் வேலையைச் சொல்கிறார்கள், காட்டுவதில்லை. வேலை தெரியும் என்று நினைப்பவனும் கேட்பதில்லை – அதையும் எழுதித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

மறு காதில் குத்தி, லேப்காரரே ஒத்தி எடுத்தார். ஆறே பொட்டு. மூன்றே நிமிடம்!

வியாழனன்று ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நேற்று நர்ஸ் கட்டு மாற்ற வந்தாள். உதவலாம் என்று எழுந்தேன்.

"நீங்க வெளிய போங்க" என்றாள் மனைவி. "மாடிப்படி எத்தினின்னு எண்ணிட்டு வாங்க."

பதினேழு.